பிறந்த இடம் தெரியாத உயிர்ச்சுவடுகள்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்லும் சங்கும்

பண்டைக்கால உயிரினத்தின் உடற்பகுதியோ அதன் அச்சோ தடமோ பாறையிலும் படிவிலும் தங்கி நிற்பதை உயிர்ச்சுவடு என்கிறோம். ஓர் உயிர்ச்சுவட்டைப் பற்றிய அறிவு இரண்டு வழிகளில் வருகிறது. அது எந்த உயிரினத்தைச் சேர்ந்தது என்பதை அதன் உருவம் சொல்லும். அது எந்த ஊரில், எந்தப் படையில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதை எடுத்தவர் எழுதி வைத்தால்தான் பின்வருவோர் அறிவர். கடையில் வாங்கிய உயிர்ச்சுவட்டிலும், கைமாறிக் கைமாறி வீடு வந்து சேர்ந்த உயிர்ச்சுவட்டிலும் பெரும்பாலும் முதல் வழி மட்டுமே மிஞ்சுகிறது. இரண்டாவதைக் கல்லிடமிருந்தே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிர்ச்சுவடுகள் மூன்று வழிகளில் மனிதர் கைக்கு வந்தன. குடாநாட்டின் அடித்தளமே உயிர்ச்சுவடுகள் நிறைந்த சுண்ணக்கல். அதை மக்கள் வெட்டினர், சுட்டனர், சுவராகக் கட்டினர், சீமெந்தாக அரைத்தனர். கடல்நீரேரியின் சேற்றடியில் புதைந்து கிடந்த பழஞ்சங்குகள் வங்காளத்துக்குச் சரக்காகப் போயின. இமயத்தின் அமோனைற்றுகள் சாளக்கிராமம் என்ற பெயரில் பூசை அறைகளுக்கு வந்தன. மூன்றிலும் பொருள் ஊர்விட்டு ஊர் சென்றது. அதன் பிறந்த இடத்தைப் பற்றிய குறிப்பு உடன் செல்லவில்லை.

குடாநாட்டின் அடித்தளம்

இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. அவை உயிர்ச்சுவடு தாங்காதவை. வடக்கும் வடமேற்குக் கரையும் இதற்கு விலக்கு. அங்கே பழைய பாறைகளின் மேல் மயோசீன் காலக் கடலில் படிந்த சுண்ணக்கல் பரவியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார், புத்தளம் வரை நீளும் இந்தப் படைக்கு யாழ்ப்பாணச் சுண்ணக்கல் என்றே புவிச்சரிதவியலாளர் பெயர் வைத்துள்ளனர். வெண்மஞ்சள் அல்லது சாம்பல் நிறமும், இறுக்கமான கட்டும், தெளிவாகப் பிரியாத படைகளும் இதன் அடையாளங்கள்.

குடாநாட்டின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கல்லின் குணத்தையே சார்ந்திருக்கிறது. மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல எதுவும் இல்லாத நிலத்தில், மக்கள் கிணற்று நீரை நம்பி வாழ்வது இதனாலேதான். கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும், புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணறு வற்றாமல் நிற்பதும் கல்லுக்குள் ஓடும் நீரின் வெளிப்பாடுகள். வலிகாமத்தின் செம்மண் இந்தச் சுண்ணக்கல்லின் மேலேயே கிடக்கிறது.

கல்லுக்குள் இருப்பவை சிப்பிகள், சுருள் ஓட்டு நத்தைகள், கடல் முள்ளெலிகள், பவளங்கள், ஃபோராமினிஃபெரா எனப்படும் ஒருகல உயிர்களின் ஓடுகள். வெயிலும் வெளிச்சமும் எட்டிய ஆழமற்ற வெப்பக் கடல் இங்கே இருந்தது என்பதற்கு இவையே சான்று. நத்தைகளின் ஓடு பெரும்பாலும் அரகனைற்று என்ற கனிமத்தால் ஆனது. அது எளிதில் கரைந்துவிடும். ஆகவே யாழ்ப்பாணக் கல்லில் நத்தை என்று கையில் கிடைப்பது பல வேளைகளில் ஓடு அல்ல. ஓட்டின் உட்புறம் நிரம்பி இறுகிய அச்சு, அல்லது ஓடு இருந்த வெற்றிடம். சிப்பிகளுள் சில வகைகளின் ஓடு கல்சைற்றால் ஆனதால் அது நின்றுவிடுகிறது. இந்த வேறுபாடு பின்னர் இனங்காணும்போது உதவும்.

கல் எடுத்த வரலாறு

குடாநாட்டில் கட்டடத்துக்கு இருவகைக் கற்கள் பயன்பட்டன. ஒன்று நிலத்தை வெட்டி எடுத்த மயோசீன் சுண்ணக்கல். மற்றது கரையோரங்களிலும் தீவகத்திலும் கிடைத்த முருகைக்கல், அதாவது பவளக்கல். முருகைக்கல் புவிச்சரிதக் கணக்கில் மிக இளையது. அதைக் கட்டிய பவளங்களின் உறவினங்கள் இன்றும் கடலில் வாழ்கின்றன. நெடுந்தீவில் காணியைச் சுற்றி முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளை இன்றும் காணலாம்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோண வடிவில் திருத்தி அமைத்தனர். வெளிப்புற அரண்கள் 1792இல் நிறைவுபெற்றன. முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் கலந்து நிற்கும் அதன் மதில்களில் பவளக் கிளைகளின் உருவத்தை வெறும் கண்ணாலே பார்க்கலாம். ஆனால் மதிலில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் எந்தக் கரையிலிருந்து, எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதற்குக் கல்லில் எழுத்தில்லை. கோட்டை மதிலிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டை ‘யாழ்ப்பாணத்து உயிர்ச்சுவடு’ என்று ஒருவர் கொடுத்தால், அது 2 கோடி ஆண்டுப் பழமையுள்ளதாகவும் இருக்கலாம், சில ஆயிரம் ஆண்டுப் பழமையே உள்ளதாகவும் இருக்கலாம்.

சுண்ணாம்புச் சூளைகள் இன்னொரு வழி. வெற்றிலைக்கும் சுவர்ப்பூச்சுக்கும் வேண்டிய சுண்ணாம்புக்காகச் சிப்பியும் சங்கும் முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் நூற்றாண்டுகளாகச் சுடப்பட்டன. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது அகழ்வின் அளவு பல மடங்கு பெருகியது. வலிகாமம் வடக்கில் பெரிய கற்குழிகள் உருவாயின. 1990இல் போர் காரணமாகத் தொழிற்சாலை மூடப்பட்டது. உயிர்ச்சுவடு தேடுவோருக்கு ஆழமான கற்குழி ஒரு பெரும் வாய்ப்பு. நிலமட்டத்தில் மண் மூடியிருக்கும் படைகள் அங்கே வரிசையாக வெளித்தெரியும். சீமெந்துக்கு வேண்டியதோ கல்லின் சுண்ணாம்பு அளவு மட்டுமே. குழியிலிருந்து எடுத்த கல்லின் பெரும்பகுதி அரைபட்டுத் தூளானது.

முதல் ஆய்வுகள்

இலங்கைப் பாறைகளை முறைப்படி ஆராய்வதற்குக் கனிப்பொருள் அளவைப் பிரிவு 1903இல் அமைக்கப்பட்டது. பின்னாளில் கலை வரலாற்று அறிஞராக உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி அதன் முதல் தலைவர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்ற அவர் 1906 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பின்னர் அதே பிரிவில் பணியாற்றிய ஈ. ஜே. வேலண்ட், இலங்கையின் மயோசீன் படைகளைக் களத்தில் ஆராய்ந்து உயிர்ச்சுவடுகளைத் திரட்டினார். அவற்றை இலண்டனில் தொல்லுயிரியலாளர் ஏ. மோர்லி டேவிஸ் ஆராய்ந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய ‘இலங்கையின் மயோசீன்’ என்ற கட்டுரை 1923இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் காலாண்டிதழில் வெளியானது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லின் வயதைப் பேசும் ஆய்வுகள் பல இன்றும் அந்தக் கட்டுரையைத் தொட்டே செல்கின்றன.

வயதை உறுதிப்படுத்த உதவியவற்றுள் முதன்மையானது ஒரு ஃபோராமினிஃபெரா. பம்பாயில் மருத்துவராகப் பணியாற்றிய எச். ஜே. கார்ட்டர் 1853இல் மலபாரின் பெயரால் மலபாரிக்கா என்று குறித்த இனம் அது. தட்டையான வட்டு வடிவமும், உள்ளே நெருக்கமான சிற்றறைகளும் கொண்டது. கைவில்லை கொண்டு பார்த்தால் தெரியும் அளவுக்குப் பெரியது. கேரளத்தின் கொல்லம் அருகே படப்பக்கரையில் வெளித்தெரியும் சுண்ணக்கல்லிலும், யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லிலும் இது உண்டு. மயோசீனின் முற்பகுதியான பேடிகேலியன் காலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கும் 1 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு, இது நல்ல அடையாளம். எனவே ஒரு சுண்ணக்கல் துண்டின் மெல்லிய சீவலில் இந்த ஒற்றை இனம் தென்பட்டாலே அதன் காலம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இடம் தீராது. கொல்லத்திலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி கட்ச், ஈரான், இந்தோனேசியப் படைகளிலும் அதே இனம் இருக்கிறது.

வேலண்டும் டேவிஸும் செய்த வேலையில் இன்னொரு பாடமும் உண்டு. களத்தில் எடுத்தவர் ஒருவர், ஆய்வுமேசையில் இனங்கண்டவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவே ஒரு பெருங்கடல். எந்தக் கல் எந்த இடத்தது என்ற குறிப்பு மாதிரிகளோடு சேர்ந்து பயணப்பட்டதால்தான் இலண்டனில் சொன்ன பெயர் இலங்கையின் படைக்குப் பொருந்தியது.

சேற்றடிச் சங்கு

உயிர்ச்சுவடு பெருமளவில் விலைக்கு விற்கப்பட்ட வரலாறு யாழ்ப்பாணத்தில் சங்கோடு தொடர்புடையது. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் சங்குக்கு உலகில் இரண்டு பெரும் தேவைகள் இருந்தன. கோயிலிலும் சடங்கிலும் ஊதுவது ஒன்று. வங்காளத்துப் பெண்கள் திருமணத்துக்கு அடையாளமாக அணியும் சங்கு வளையல் மற்றது. டாக்காவின் சங்காரி பசார் வளையல் அறுப்போரின் தெருவாகவே வளர்ந்தது. தென்கடல்களின் சங்கு அங்கே கப்பல் கப்பலாகப் போயிற்று. இந்த வணிகத்தின் வருமானத்துக்காகவே ஒல்லாந்தர் சங்குக் குளிப்பைத் தம் தனியுரிமை ஆக்கினர். ஆங்கிலேயர் அதைக் குத்தகைக்கு விட்டனர்; பின்னர் 1890இல் சங்குக்கென்றே தனிச் சட்டம் இயற்றினர்.

சங்கு இருவகையாகச் சந்தைக்கு வந்தது. உயிரோடு கடலடியிலிருந்து குளித்தெடுத்தது ஒருவகை. அதன் மேல் கபிலநிறத் தோல் போர்த்தியிருக்கும்; தோலை நீக்கினால் உள்ளே பளபளப்பும் உறுதியும் குறையாத ஓடு. உயிர் இறந்து நெடுங்காலம் சேற்றிலோ மணலிலோ கிடந்த வெற்றுச் சங்கு மற்றது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஆழமற்ற பகுதிகளில் சேற்றைத் தோண்டி இத்தகைய பழஞ்சங்குகளை எடுக்கும் தொழில் நடந்தது. குளிப்பவருக்கு வேண்டிய மூச்சடக்கமும் கடற்காலமும் இதற்குத் தேவையில்லை. சேற்றடிச் சங்கில் தோல் இருக்காது; மேற்பரப்பு சுண்ணம் பூத்து மங்கியிருக்கும்; கடற்பஞ்சு துளைத்த சிறு பொத்தல்கள் பல இருக்கும். விலையும் குறைவு. முழுக்கக் கல்லாக மாறாத, ஆனால் வாழும் காலமும் கடந்துவிட்ட இந்த ஓடுகளை அறிவியலார் அரை உயிர்ச்சுவடு என வகைப்படுத்துவர்.

வங்காளத்து வணிகர் கண்முன் வந்து குவிந்த சங்கில் ஊர்ப்பெயர் எழுதியிருக்காது. ஆயினும் சரக்கைப் பார்த்த அளவில் எந்தக் கடற்கரையது என்று தரம் பிரிக்கும் திறன் அவர்களிடம் இருந்தது. வடிவம், கூம்பின் நீளம், ஓட்டின் கனம், வாயின் நிறம், துளைகளின் அளவு ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் பல வகைப் பெயர்களை வழங்கினர். விலையும் அதன்படியே வேறுபட்டது. இந்த நடைமுறை அறிவை அறிவியல் அறிவோடு சேர்த்து எழுதியவர் ஜேம்ஸ் ஹோர்னெல். இலங்கையின் முத்துக்குளிப்பு ஆய்வில் பங்கேற்று, பின்னர் சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய அவர், இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூல் ஒன்றை 1914இல் வெளியிட்டார். ஒரே சங்கினத்துக்குள் கடலுக்குக் கடல் நிலைத்த வடிவ வேறுபாடு உண்டு என்பதை அவர் காட்டினார். தூத்துக்குடிப் பக்கத்துச் சங்கு கூம்பு நீண்டு ஒடுங்கியது. பாக்கு நீரிணைப் பக்கத்துச் சங்கு குட்டையாகப் பருத்தது. வணிகரின் கண் பிரித்ததற்கு உயிரியல் அடிப்படை இருந்தது.

பிறந்த இடம் எழுதப்படாத ஒரு பொருளை உருவத்தைக் கொண்டு இடத்தோடு சேர்க்க முடியும் என்பதற்கு இந்தச் சங்கு வணிகம் தெற்காசியாவின் நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டியிருந்தன. ஒப்பிடுவதற்கு இடம் உறுதியாகத் தெரிந்த பெரிய தொகுதி வேண்டும். இடத்துக்கு இடம் வேறுபாடு நிலையானதாக இருக்க வேண்டும். பார்ப்பவர் ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். இன்றைய தொல்லுயிரியலாளரும் இதே மூன்றையே நம்பி வேலை செய்கின்றனர்.

வெளியிலிருந்து வந்த கற்கள்

சைவம் ஓங்கிய யாழ்ப்பாணத்தில் வல்லிபுர ஆழ்வார் கோயிலும் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலும் விட்டுணு வழிபாட்டின் பெரும் நிலையங்கள். விட்டுணுவின் உருவாக வணங்கப்படும் சாளக்கிராமம் நேபாளத்தில் முக்திநாத்தை ஒட்டி ஓடும் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கல் உருண்டை. உள்ளே இருப்பது அமோனைற்று; கணவாயின் தொலைதூர உறவினமான, சுருண்ட ஓடுடைய கடல் உயிர். ஓட்டின் சுருளும் குறுக்கு வரிகளுமே சக்கரமாகத் தோன்றுகின்றன. இவை பெரும்பாலும் யுராசிக் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுக்கு முன்னர், அன்றைய தெதிஸ் கடலடியில் படிந்த கரிய களிப்பாறையிலிருந்து வருபவை.

சாளக்கிராமம் தலைமுறை வழியாகவோ, தல யாத்திரை சென்றவர் கையாலோ, கடையிலிருந்தோ வந்து சேர்கிறது. பூசைக்குரிய பொருளுக்கு எவரும் குறிப்புச்சீட்டு எழுதுவதில்லை. ஆயினும் இனங்காண்பதற்கு இது எளிய பொருள். கரிய களிப்பாறை உருண்டை, ஆற்றில் உருண்டு மழுங்கிய மேற்பரப்பு, உள்ளே அமோனைற்றுச் சுருள் ஆகிய மூன்றும் ஒருசேர நிற்கும் இடம் உலகில் குறைவு. சுருளைச் செதுக்கிச் செய்த போலிகளும் விற்பனையில் உண்டு. உண்மையான ஓட்டில் வரிகள் சுருளோடு சேர்ந்து படிப்படியாகப் பெருத்துச் செல்லும். செதுக்கியதில் இடைவெளி சமமாகவும் உளித்தடம் தெரியும்படியும் இருக்கும்.

அமோனைற்று இன்னொரு வகையிலும் முக்கியமானது. அந்த உயிர்க்குலம் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன்னர் அடியோடு அழிந்தது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் அதற்குப் பல கோடி ஆண்டு கழித்துப் படிந்தது. எனவே குடாநாட்டுக் கிணற்றில் வெட்டியெடுத்தது என்று சொல்லி எவரேனும் அமோனைற்றை விற்றால் அந்தச் சொல் பொய். அருகிலுள்ள அமோனைற்று நிலம் பாக்கு நீரிணைக்கு அப்பால் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் கிரேத்தேசியப் படைகள். 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் அங்கு திரட்டிய உயிர்ச்சுவடுகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். பின்னர் தொல்லுயிரியலாளர் ஸ்டொலிச்கா அந்நில உயிர்ச்சுவடுகளைப் பற்றிப் பெருந்தொகுதிகளாக எழுதினார். அதே பெரம்பலூரின் சாத்தனூரில் கிடைத்த 18 மீற்றர் நீளக் கல்மரமும், விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரைக் கல்மரங்களும் புகழ்பெற்றவை. கல்மரம் சிலிக்காவால் ஆனது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லோடு அதைக் குழப்பிக்கொள்ள இடமில்லை.

புலம்பெயர் நாடுகளின் கடைகளில் தமிழர் வாங்கும் உயிர்ச்சுவடுகள் பெரும்பாலும் வேறு சில இடங்களைச் சேர்ந்தவை. கறுப்புக் கல்லில் வெள்ளை ஈட்டிபோல் மின்னும் ஓதோசெராஸ் மொரோக்கோவினது. குறுக்கே அறுத்து மெருகேற்றிய அமோனைற்று பெருமளவில் மடகாஸ்கரிலிருந்து வருகிறது. திரைலோபைற்று என்னும் பண்டைக் கடலுயிரின் சுவடுகளில் பல மொரோக்கோவினவை. சில பிசினில் வார்த்தவை.

இடம் தொலைந்ததால் வந்த இழப்பு

இடக்குறிப்பு இல்லாததால் அறிவுக்கு நேரும் இழப்பை இலங்கையின் இரத்தினபுரி மணிக்கற் குழிகள் காட்டுகின்றன. அங்குள்ள சரளைப்படையில் மணிக்கல் தேடுவோருக்கு நீர்யானை, காண்டாமிருகம், யானை ஆகியவற்றின் எலும்புகளும் பற்களும் கிடைத்து வந்தன. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைத் திரட்டிப் பெயரிட்டார். அவர் 1939இல் விவரித்த இலங்கைச் சிங்கத்துக்குக் குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களே அடிப்படை. 2005இல் கெலும் மனமேந்திர ஆரச்சியும் உடன் ஆய்வாளரும் அதை மறுபடி ஆராய்ந்தபோது பார்க்கக் கிடைத்தது ஒரு பல் மட்டுமே. மணிக்கல் தேடுவோர் வழியாக வந்த எலும்புகளுக்கு ஆழமும் படையும் பதிவாகாதபோது, அவற்றின் வயதைப் பின்னர் நிறுவுவது மிகக் கடினம்.

பொய்யான இடக்குறிப்பு, இடக்குறிப்பே இல்லாமையைவிடக் கொடியது. பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. ஜே. குப்தா இருபது ஆண்டுக்கு மேலாக இமயமலையில் உயிர்ச்சுவடுகளைக் கண்டெடுத்ததாகச் சொல்லி நூற்றுக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகளை வெளியிட்டார். அவற்றில் சில உயிர்ச்சுவடுகள் மொரோக்கோவிலிருந்து வந்து கடைகளில் விற்கப்படும் வகையைச் சேர்ந்தவை என்றும், சில நியூயோர்க் மாநிலத்துப் படைகளின் மாதிரிகளோடு ஒத்துப்போகின்றன என்றும் ஆஸ்திரேலியத் தொல்லுயிரியலாளர் ஜோன் டேலன்ட் 1989இல் ‘நேச்சர்’ இதழில் அம்பலப்படுத்தினார். டேலன்ட் பயன்படுத்திய சான்றும் கல்லின் உள்ளேயே இருந்தது: இனம், அதன் பாதுகாப்பு நிலை, ஒட்டியிருந்த பாறை. இமயத்தின் புவிச்சரிதத்தில் அந்தப் பொய்கள் விட்ட குழப்பத்தை அகற்ற அறிஞர்கள் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது.

கல்லே சாட்சி சொன்ன இன்னொரு வழக்கு மொங்கோலியாவினது. 2012 மே மாதம் நியூயோர்க்கில் தார்போசோரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு பத்து லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. அந்த இனம் கோபிப் பாலைவனத்தின் ஒரு படைத்தொகுதியில்தான் இத்தகைய முழுமையுடன் கிடைக்கிறது என்பதையும், எலும்பின் நிறம் அந்தப் படைக்கே உரியது என்பதையும் தொல்லுயிரியலாளர் எடுத்துக்காட்டினர். 2013இல் எலும்புக்கூடு மொங்கோலியாவுக்குத் திரும்பியது. தொல்லுயிரியல் முக்கியத்துவம் உடைய பொருள்கள் பண்பாட்டுச் சொத்து என்று 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்கெனவே வரையறுத்துள்ளது.

இனங்காணும் வரிசை

இடம் தெரியாத உயிர்ச்சுவடு ஒன்றை ஆராய்வதற்கு நிலையான வரிசை உண்டு. முதற்கேள்வி, அது உயிர்ச்சுவடுதானா என்பது. சுண்ணக்கல்லில் நீர் சொட்டி உறைந்த வடிவங்களும், மங்கனீசு கிளைபரப்பிய கறுப்புக் கோலங்களும், வட்டமான கல்லுருண்டைகளும் பலரை ஏமாற்றியுள்ளன. உயிர்க் கட்டமைப்பில் ஒழுங்கு இருக்கும்: பவளத்தில் ஆரைபோல் விரியும் தடுப்புகள், முள்ளெலியில் ஐந்து இதழ் அமைப்பு, சிப்பியில் வளர்ச்சி வரிகள்.

இரண்டாவது, கல்லின் இயல்பு. சுண்ணக்கல்லில் ஒரு துளி நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தை விட்டால் உடனே நுரைக்கும். வினாகிரியிலும் மெதுவாகக் குமிழி எழும். கல்சைற்றின் கடினம் மோஸ் அளவில் 3, இரும்பு ஆணி அதைக் கீறும். சிலிக்காவின் கடினம் 7, ஆணி அதில் வழுக்கும். இந்த இரண்டு சோதனைகளே கல்மரத்தையும் யாழ்ப்பாணக் கல்லையும் பிரித்துவிடும். அமிலத்தை உயிர்ச்சுவட்டின் மீது விடக்கூடாது. பின்புறக் கல்லின் ஓரத்தில் ஒரு துளி போதும்.

மூன்றாவது, பாதுகாப்பு நிலை. ஓடு அப்படியே இருக்கிறதா, அச்சு மட்டுமா, வெற்றிடமா? பளபளக்கும் நத்தை ஓட்டோடு கூடிய துண்டு, அரகனைற்றுக் கரைந்துபோன பழைய சுண்ணக்கல்லிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு குறைவு; இளைய கடற்படிவிலிருந்து வந்திருக்கலாம். முருகைக்கல்லையும் மயோசீன் பவளத்தையும் பிரிப்பதற்கும் இதே வழி. இளைய பவளம் இலேசானது, நுண்துளை திறந்தது. பழையதில் துளைகள் கல்சைற்றால் நிரம்பிக் கனத்திருக்கும்.

நான்காவது, உயிரினமும் அதன் கால எல்லையும். ஒவ்வொரு குலமும் தோன்றி மறைந்த காலம் நிறுவப்பட்டிருக்கிறது. திரைலோபைற்றும் அமோனைற்றும் டைனோசர் எலும்பும் மயோசீன் கல்லில் இயல்பாக இருக்க முடியாது. இவ்வாறு விலக்குவது இனங்காணலின் மிக உறுதியான பகுதி. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாதபோதும், எங்கிருந்து வந்திருக்க முடியாது என்று திடமாகச் சொல்லலாம்.

ஐந்தாவது, ஒட்டியிருக்கும் பாறை. வாங்கிய உயிர்ச்சுவட்டை அழகுபடுத்த அதன் பின்புறக் கல்லைச் சுரண்டி எறிவது மிகப் பெரிய தவறு. பிறந்த இடத்தின் சான்று அங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த சிறு சில்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஃபோராமினிஃபெராக்களும் பாசிகளும் தெரியும். மலபாரிக்கா இனம் தெரிந்தால் பேடிகேலியன் காலம் பெரும்பாலும் உறுதி.

ஆறாவது, கருவி ஆய்வுகள். ரேடியோகாபன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை மட்டுமே எட்டும். சேற்றடிச் சங்குக்கு அது பொருந்தும். கடல்நீரில் பழைய காபன் கலந்திருப்பதால் கணக்கில் திருத்தம் செய்ய வேண்டும். மயோசீன் சிப்பிக்கு அது பயனற்றது. அதற்கு ஸ்ட்ரோன்சியம் சமதானிகளின் விகிதம் உதவும், ஏனெனில் கடல்நீரின் அந்த விகிதம் காலத்தோடு மாறி வந்ததற்கு உலகளாவிய அட்டவணை இருக்கிறது. ஒட்டுவேலையும் பிசின் வார்ப்பும் புறஊதா ஒளியில் வேறு நிறமாக ஒளிரும்.

சொல்லக்கூடிய எல்லை

இவ்வளவும் செய்த பின்னரும் முடிவு படிகளாகவே அமையும். யாழ்ப்பாணத்தில் வாங்கிய ஒரு சுண்ணக்கல் துண்டைப் பற்றி ‘மயோசீன் காலம்’ என்பதை உறுதியாகவும், ‘யாழ்ப்பாணச் சுண்ணக்கல் வகை’ என்பதைப் பெரும் நம்பிக்கையோடும் சொல்லலாம். மன்னாரிலும் புத்தளத்திலும் அதே படை நீள்வதால் ‘யாழ்ப்பாணக் குடாநாடு’ என்பது சாத்தியமே தவிர நிறுவப்பட்டதல்ல. ‘காங்கேசன்துறைக் கற்குழியின் இந்த மட்டம்’ என்பதை எடுத்தவர் எழுதியிராவிட்டால் எந்த ஆய்வுகூடமும் மீட்டுத் தராது. நேர்மையான இனங்காணல் ஒவ்வொரு படியையும் தனித்தனியே எழுதி, எந்தச் சான்றால் அதை எட்டியது என்பதையும் சேர்த்துக் குறிக்கும். பெயர்ச்சீட்டில் ஊகத்தை உண்மைபோல் எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை அதை உண்மையாகவே எடுத்துக்கொள்ளும்.

வாங்கியவரிடம் எஞ்சியிருக்கும் சிறு செய்தியும் மதிப்புடையது. எந்த ஆண்டில், எந்தச் சந்தையில் வாங்கப்பட்டது, விற்றவர் என்ன சொன்னார், பழைய காகிதச் சுற்றிலோ பெட்டியிலோ எண் ஏதும் இருந்ததா என்பவற்றைப் பொருளோடு சேர்த்து வைக்க வேண்டும். இடம் தெரியாத மாதிரி வகுப்பறையில் கற்பிக்க முழுத்தகுதி உடையது. பவளத்தின் தடுப்பையும் அமோனைற்றின் சுருளையும் மாணவர் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு ஊர்ப்பெயர் வேண்டியதில்லை. படையின் வயதையோ பண்டைக் கடலின் எல்லையையோ நிறுவும் ஆய்வுக்கு மட்டும் அது சான்றாகாது.

குடாநாட்டில் கிணறு வெட்டும்போதும், வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதும், வீதிக்குக் கல்லுடைக்கும்போதும் இன்றும் உயிர்ச்சுவடுகள் வெளிவருகின்றன. அவற்றுக்கு வேண்டியவை நான்கு வரிகள்: ஊரும் காணியும், நிலமட்டத்திலிருந்து ஆழம், மேலும் கீழும் இருந்த மண் அல்லது கல்லின் விவரம், எடுத்த நாள். கல் கிடந்த நிலையிலேயே, அளவுகோல் ஒன்றை அருகில் வைத்து ஒரு நிழற்படமும் எடுத்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கோ அதை ஒப்படைக்கும்போது அந்தக் கல் முழுச் சான்றாகவே போய்ச் சேரும்.